மலருக்கு அனுப்பிய இலைகள்

1 ஜூலை, செவ்வாய்
வெயில். பெம்பானில் ஒரு வாரமாக மழை இல்லை. நான் ஓட்டும் ஸ்கூல் வேனுக்கு டயர் மாற்ற வேண்டும். சமையல் கேஸ் தீர்ந்துவிட்டது.

வீட்டுக்குப் பின்னால் பயத்தங்காய்ச் செடி பத்து. இலையெல்லாம் புழு தின்ற ஓட்டை. வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பக்கத்து வீட்டு லெட்சுமி அக்கா: "தம்பி, மருந்து அடிங்க லா. உங்க புழுவெல்லாம் என் கத்திரிக்கு வந்துரும்."

அடிக்க முடியாது. மலர் தினமும் இலைப் படம் கேட்கிறாள். பூச்சியும் செடியும்தான் என் மனைவிக்கு ஆராய்ச்சி. மலேசியாவை விட்டு இங்கிலாந்துக்குப் போய் இரண்டு வருடம். தீபாவளிக்குத் திரும்பிவிடுவாள். காலண்டரில் நாட்களை எண்ணினேன். எண்ணாமல் இருந்திருக்கலாம்.

5 ஜூலை, சனி
வேன் இல்லை. துணி துவைத்தேன். மாலை ஆறுக்கு மலர் வீடியோ போன். அங்கே காலை பதினொன்று.

சோதனைக்குச் செடி வளர்க்கும் தன் இரண்டு கூடாரங்களைக் காட்டினாள். ஒன்றில் இப்போதைய காற்று. மற்றதில் கரியமில வாயு அதிகம். நாங்கள் கிழவன் கிழவி ஆகும்போது இருக்கப்போகும் காற்றாம். அதில் சோயாச் செடி தளதளவென்று நின்றது.

"நல்லாத்தானே இருக்கு?"

"பாக்கத்தாங்க. மத்த கூடாரத்துச் செடிய புழு கடிச்சா, இலையில உடனே ஒன்னு சுரக்கும். புழுவுக்குச் செரிக்காது. இதுல அது கம்மியாத்தான் சுரக்குது. இலையில சத்தும் கம்மி. அதனால புழு இன்னும் நெறைய திங்குது."

கேட்டுக்கொண்டே முகத்தைப் பார்த்தேன். கன்னம் ஒட்டியிருக்கிறது. "சாப்பிட்டியா?"

"ம். நீங்க?"

"ம்."

நான் சாப்பிடவில்லை. அவளும்தான், தெரியும்.

8 ஜூலை, செவ்வாய்
மூன்று மணிக்குப் பெருமழை. வேன் கண்ணாடி முழுக்க ஆவி.

மலர் அழுதிருக்கிறாள். வேறொரு சோயா ரகத்தில் அதே சோதனை. அந்த ரகம் அதே காற்றிலும் புழுவை எதிர்த்து நின்றுவிட்டது. ஏன் என்று தெரியாமல் ஆய்வேட்டை எழுதி முடிக்க முடியாது. பேராசிரியர் இன்னொரு முறை விதைக்கச் சொல்கிறார். அப்படியானால் திரும்புவது அடுத்த வருடம்.

"வந்துருன்னு ஒரு வார்த்த சொல்லுங்க, வந்துர்றேன்."

"ஓகே லா. படிப்ப முடி."

போனை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனேன். எதற்கென்று நினைவில்லை. அங்கேயே நின்றேன்.

9 ஜூலை, புதன்
அக்காவின் கத்திரியில் நிஜமாகவே புழு. நியாயம் அவர் பக்கம். செடியைப் பிடுங்கிவிட்டால் ஆராய்ச்சி கெடுமா என்று மலரிடம் கேட்டேன்.

"ஆராய்ச்சிக்கா? படம் கேக்குறது அதுக்கு இல்லீங்க."

"பின்ன எதுக்கு?"

"இலையப் பிடிச்சிருக்கிற உங்க வெரலு தெரியும். நகத்துல மண்ணோட. அதப் பாத்துட்டுத்தான் லேபுக்குப் போவேன்."

இத்தனை நாளும் இலை தெளிவாக விழ வேண்டுமென்று விரலை ஓரமாக ஒதுக்கிப் பிடித்தேனே. மடையன்.

பிறகு வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். "நேத்து ஓகேன்னது பொய் மலர். ஆறு மணி போனுக்காகத்தான் நாள் பூரா வேன் ஓட்டுறேன். ஆனா நீ பாதியில வராத. நான் வர்றேன்."

"நெசமாவா? பிளேன்னா பயம்னு சொல்வீங்களே?"

"பயந்தான்."

அழுதாள். சிரித்தாளோ. லைன் சரியில்லை.

11 ஜூலை, வெள்ளி
செடிகளைப் பிடுங்கியாயிற்று. தேறிய காய் ஒரு கட்டு, அக்காவுக்கு. "பொண்டாட்டி திட்டலயா?" என்றார். இல்லை அக்கா.

இலைக்குப் பதில் இன்று வெறும் கையைப் படம் எடுத்து அனுப்பினேன். பதிலுக்கு அவள் கை. விரலில் பச்சைக் கறை. அதை வெகுநேரம் பார்த்தேன்.

14 ஜூலை, திங்கள்
தூறல். வேனை மச்சான் ஓட்டுகிறான். குடிநுழைவு அலுவலகத்தில் நீண்ட வரிசை. நாற்பத்து மூன்று வயதில் முதல் பாஸ்போர்ட். டிசம்பர் பள்ளி விடுமுறையில்தான் போக முடியும். இன்னும் ஐந்து மாதம்.

படம் எடுக்கும்போது சிரிக்கக் கூடாதாம். கவுண்டரில் இருந்த பெண் மலாயில் மூன்று முறை சொல்லியும் என் வாய் கேட்கவில்லை.