கம்பி போட்ட வாய்

மார்ச் 4, செவ்வாய்

கீழ் உதட்டின் உள்பக்கம் மறுபடி புண். பல் டாக்டர் கொடுத்த மெழுகை உருட்டிக் கம்பி மேல் ஒட்டினால் கொஞ்ச நேரம் நிற்கிறது, அப்புறம் பேச்சோடு பேச்சாக எங்கோ போய்விடுகிறது. முழுங்கிவிட்டேனோ என்னவோ. சாப்பாடு, பாலில் ஊற வைத்த ரொட்டி. முப்பத்தாறு வயதில் பச்சைக் குழந்தைத் தீனி.

ஃபோனில் 'ச' வரமாட்டேன் என்கிறது. எங்கள் ஆஸ்பத்திரியில் ஃபோனை எடுத்ததும் "செல்லப்பிராணிகள் மருத்துவமனை, சொல்லுங்க" என்று சொல்ல வேண்டும். யார் வைத்த பெயரோ. "எங்கே? எங்கே?" என்று எதிர்முனையில் ஒரு பெரியவர் திரும்பத் திரும்பக் கேட்டார். "நாய் பூனை ஆஸ்பத்திரி" என்று சொல்லித் தொலைத்தேன்.

சாயங்காலம் அக்கா ஃபோன். "நீயாப் போயி வாய்க்கு வேலி போட்டுக்கிட்டு வந்து நிக்கிற. யாருடி கேட்டா?"

யாரும் கேட்கவில்லை அக்கா. அதுதானே விஷயம்.

பள்ளிக்கூடக் காலத்தில் போட்டிருக்க வேண்டியது. அடுத்த வருஷம் பார்க்கலாம், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றே காலம் ஓடிவிட்டது. ஒரு படத்தில்கூட நான் சிரித்தது கிடையாது. எல்லோர் கல்யாணப் படத்திலும் வாயை இறுக்கி மூடிக்கொண்டு ஓரமாக நிற்கிறேன், பந்தியில் இடம் கிடைக்காதவள் மாதிரி.

மார்ச் 8, சனி

துணை தேடுகிற ஆப்பில் பேசிக்கொண்டிருந்த வங்கிக்காரரை இன்று நேரில் பார்த்தேன். நீலச் சட்டை, நல்ல வாசனை. நான் சூப் மட்டும் சொன்னேன். முதல் அரை மணி நேரம் அவரே பேசினார், எனக்கு அது நிம்மதியாக இருந்தது. அப்புறம் ஏதோ வேடிக்கையாகச் சொன்னார், மறந்துபோய்ச் சிரித்துவிட்டேன்.

"ஓ. இது உங்க படத்துல இல்லையே" என்றார்.

"போன மாசம்தான் போட்டேன்."

"எப்ப எடுப்பாங்க?"

"ஒன்றரை வருஷம் ஆகும்."

"அப்போ ஒன்றரை வருஷம் கழிச்சுப் பார்ப்போம்." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். தமாஷாம்.

அவர் சொன்னதுகூடப் பரவாயில்லை. நானும் கூடச் சேர்ந்து சிரித்தேனே, கையால் வாயைப் பொத்திக்கொண்டு. அதை நினைத்தால்தான் ஆறவில்லை. ஏன் சிரிச்சே? யாரு உன்னைச் சிரிக்கச் சொன்னா?

மார்ச் 9

ஆப்பை எடுத்துவிட்டேன்.

மார்ச் 17, திங்கள்

காய்கறிக் கூடையில் துண்டு விரித்து ஒரு கிழட்டுப் பூனையைக் கொண்டுவந்தார் ஒருவர். காவி நிறப் பூனை, எலும்பும் தோலுமாக. ஆளுக்கு நாற்பது இருக்கும். பூனைக்கு என்ன வயது என்று கேட்டேன். "ரெண்டரைக் கிலோ" என்றார். எத்தனை நாளாகச் சாப்பிடவில்லை என்று கேட்டேன். "ஆமா" என்றார். சரியான திமிர் பிடித்த ஆள் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் அவரே குனிந்து சொன்னார். "தப்பா எடுத்துக்காதீங்க. எனக்குக் காது கேக்காது. வாயைப் பார்த்துத்தான் புரிஞ்சுக்குவேன். கையைக் கொஞ்சம் எடுக்கிறீங்களா?"

என் கை வாய் மேல் இருப்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. ஒரு சீட்டை இழுத்துக் கேள்விகளை எழுதி நீட்டினேன். அவர் வாசித்துப் பதில் சொன்னார். எல்லோரும் இப்படித்தான் செய்வார்கள் போல. அவருக்குப் பழகியிருந்தது. எனக்குத்தான் உடம்பெல்லாம் கூசிப்போனது.

மார்ச் 20, வியாழன்

பூனைக்குச் சிறுநீரகம் போய்விட்டது. வாரத்தில் இரண்டு மூன்று தடவை தோலுக்கு அடியில் தண்ணீர் ஏற்ற வேண்டும். ஆக, பூனைக்காரர் அடிக்கடி வருவார்.

இன்று முகமூடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சளி என்று சொல்லிக்கொள்ளலாம் என்று. எங்கள் டாக்டரம்மா பார்த்த பார்வை. "உனக்கென்ன கேடு? அவருக்கு நீ பேசுறது தெரிய வேண்டாமா? கழட்டு அதை."

கழற்றினேன். மாத்திரையைப் பற்றிச் சொன்னேன். அவர் என் வாயையே பார்த்தார். பல் டாக்டரைத் தவிர இவ்வளவு நேரம் யாரும் அங்கே பார்த்ததில்லை. எனக்குக் காது சுட்டது.

"பாத்திரத்தைப் பொடி பண்ணி, பால்ல கலந்து?" என்று கேட்டார்.

"மாத்திரையை."

"அதானே பார்த்தேன்." சிரிக்காமல் சொன்னார். "'ப'வும் 'ம'வும் பார்க்க ஒண்ணுதான். அது உங்க தப்பில்ல. ஆனா நீங்க உதட்டைத் திறக்காமலே பேசுறீங்க."

"பல்லுல கம்பி..."

"அது தெரியுது. உதடுதான் தெரியல."

மார்ச் 29

கம்பியை முறுக்கிவிட்டார்கள். மண்டை வரை வலி. பூனைக்காரர் நாளை வரமாட்டார், நாளை ஞாயிறு.

இதை ஏன் எழுதினேன்?

ஏப்ரல் 6, ஞாயிறு

காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை என்று துணி மடிக்கும்போதுதான் உறைத்தது. பேச ஆள் இருந்தால்தானே. ஃபோன் அடிக்கவில்லை. மாடி வீட்டுக்காரர்கள் நாற்காலியை இழுக்கிற சத்தம், குழாய்ச் சத்தம், அவ்வளவுதான் துணை.

கண்ணாடி முன்னால் போய் நின்று பேசிப் பார்த்தேன். வாயைத் திறந்து, நன்றாக. நான் பேசுவதை நானே பார்த்ததில்லை இத்தனை வருஷமும். பல் தேய்க்கும்போதுகூடத் தொட்டியைத்தான் பார்ப்பேன். 'ப', 'ம', 'வ' எல்லாம் உதட்டில் தெரிகிறது. 'ற', 'ந', 'ட' எல்லாம் பல்லுக்குப் பின்னால் நடக்கிற காரியம். வாயைத் திறந்தால்தான் உண்டு. திறந்தால் கம்பிதான் முதலில் வந்து நிற்கிறது. அசிங்கமாக இருக்கிறதா? தெரியவில்லை. கொஞ்ச நேரம் பார்த்த பிறகு வெறும் வாயாக இருந்தது.

ஏப்ரல் 11, வெள்ளி

பூனைக்குத் தண்ணீர் ஏறி முடிந்ததும், "உங்க வேலை எப்ப முடியும்? ஒரு காபி குடிக்கலாமா?" என்றார். டாக்டரம்மாவைக் கேட்டாரா என்னைக் கேட்டாரா என்று ஒரு நொடி குழம்பினேன்.

தெருமுனைக் கடை. கூடை நடு நாற்காலியில். வெளிச்சத்துக்கு எதிரே என்னை உட்கார வைத்தார், அப்போதுதான் முகம் தெரியுமாம். கட்டட நிறுவனத்தில் வீட்டு வரைபடம் போடுகிறார். இருபத்தைந்து வயதில் காய்ச்சலில் காது போயிற்று. கல்யாணம் ஆகி, முடிந்தும் விட்டது.

"காது கேக்காததாலயா?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"இல்ல. முதல்லயே அவளுக்குத் தெரியும். நல்லாத்தான் பேசிக்கிட்டிருந்தோம். அப்புறம் அவ திரும்பி நின்னு பேச ஆரம்பிச்சா. பாத்திரம் கழுவிக்கிட்டே, ஜன்னலைப் பார்த்துக்கிட்டே. என்னன்னு கேட்டா, ஒண்ணுமில்லைம்பா. ஒரு கட்டத்துல நானும் கேக்கிறதை விட்டுட்டேன்."

வீட்டுக்கு வந்து வெகு நேரம் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தேன். துக்கம் என்று சொல்ல முடியாது. என்னமோ.

ஏப்ரல் 18, வெள்ளி

கெடுத்துவிட்டேன்.

அதே கடை. தைரியமாகப் பன் வாங்கிச் சாப்பிட்டேன். நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தோம். பக்கத்து மேஜையில் நாலைந்து கல்லூரிப் பிள்ளைகள், ஏதோ பேசிச் சிரித்தார்கள். என்னைப் பார்த்து இல்லை. இல்லை என்று இப்போது தெரிகிறது. அப்போது கம்பியில் பன் சிக்கியிருந்தது எனக்கு நாக்கில் தட்டுப்பட்டது, அவ்வளவுதான், கை மேலே போய்விட்டது.

"கை" என்றார் மெதுவாக.

எடுக்கவில்லை. கைக்குப் பின்னாலிருந்தே என்னமோ சொன்னேன். திரும்பவும் "கை" என்றார். "ஒண்ணுமில்ல, விடுங்க" என்றேன். அதுவும் கைக்குப் பின்னாலிருந்துதான். ஆனாலும் அது அவருக்குப் புரிந்துவிட்டது. அந்த வார்த்தையை அவர் எத்தனை தடவை பார்த்திருப்பார்.

காபியைப் பாதியில் வைத்தார். "நாள் பூரா வாயைப் பார்த்துக்கிட்டே இருக்கிறது அலுப்பு. இன்னிக்கு முடியல எனக்கு." கூடையைத் தூக்கிக்கொண்டு போனார். கோபமில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

என்னத்தைக் காப்பாத்தினே நீ? யார்கிட்ட இருந்து? ஒரு துணுக்குப் பன்.

ஏப்ரல் 21

வந்தார். டாக்டரம்மாவிடம் மட்டும் பேசினார்.

ஏப்ரல் 23, புதன்

பூனை காலையில் மூச்சு வாங்கியது. வைத்துப் பார்க்கிறோம், சாயங்காலம் வாருங்கள் என்று டாக்டரம்மா அவரை அனுப்பிவிட்டார். மத்தியானம் சாப்பாட்டு வேளையில் அது போய்விட்டது. சத்தமே இல்லை. நான்தான் போர்த்திவிட்டேன்.

அவர் வந்தபோது டாக்டரம்மா உள்ளே ஒரு நாய்க்கு வயிற்றைத் திறந்து வைத்திருந்தார், நகர முடியாது. காத்திருக்கும் இடத்தில் வேறு மூன்று பேர். அவர் நேராக மேஜைக்கு வந்து நின்றார்.

சீட்டும் பேனாவும் என் கைக்குக் கீழேயே இருந்தன. இந்தச் செய்தியை ஒரு மனிதருக்குச் சீட்டில் எழுதியா நீட்டுவது?

"போயிடுச்சு" என்று சொல்லலாம், உதட்டிலேயே முடிந்துவிடும். ஆனால் அவர் எங்கே போயிற்று என்று கேட்டுவிட்டால்? நான் எழுந்து, வெளிச்சம் முகத்தில் விழுகிற பக்கம் வந்து நின்றேன். இரண்டு கையையும் மேஜை மேல் வைத்தேன். வாயை முழுசாகத் திறந்து சொன்னேன். "இறந்துடுச்சு. மத்தியானம். நான் பக்கத்துல இருந்தேன். கஷ்டப்படல."

திருப்பிச் சொல்லச் சொல்லவில்லை அவர்.

மற்ற மூன்று பேரும் என்னைப் பார்த்தார்களா, பல்லைப் பார்த்தார்களா, எனக்குத் தெரியாது. அவர் கீழ் உதட்டைக் கடித்துக்கொண்டு தலையை ஆட்டினார். கூடையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். போய்விட்டார்.

மே 2

இனி அவர் வருவதற்குக் காரணம் ஒன்றும் இல்லை.

மே 9

அக்காவிடம் சொன்னேன், எல்லாவற்றையும். நடுவில் ஒரு வார்த்தை பேசாமல் கேட்டாள், அதிசயம். கடைசியில், "அவர் உன்னைப் பாக்கணும்னு சொன்னாரா, உன் பல்லைப் பாக்கணும்னு சொன்னாரா?" என்றாள்.

"வாயை."

"அப்ப வாயை வெச்சுக்கிட்டு நீ ஏன்டி சும்மா இருக்க?"

மே 15, வியாழன்

கம்பி முறுக்க அரைநாள் லீவு போட்டேன். போட்டிருக்க வேண்டாம். நான் இல்லாத நேரத்தில் அவர் வந்து, பூனைக்கென்று வாங்கி வைத்திருந்ததில் மிச்சமிருந்த பாட்டில்களையும் ஊசிகளையும் வேறு பூனைகளுக்கு ஆகட்டும் என்று கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். டாக்டரம்மா தடுப்பூசிப் பெட்டியை அடுக்கிக்கொண்டே சொன்னார். "உன்னைக் கேட்டார். எங்கேன்னு. பல் ஆஸ்பத்திரின்னேன். நம்பரை எழுதி வெச்சுட்டுப் போயிருக்கார், வேணும்னா எடுத்துக்கோ."

வேணுமா?

மே 16

எழுதி எழுதி அழித்து, கடைசியில் அனுப்பியது இவ்வளவுதான்: "அடுத்த சனிக்கிழமை என் வீட்டுக்குச் சாப்பிட வாங்க. நான் மெதுவா சாப்பிடுவேன், பல்லுல ஒட்டும். பேசுவேன்."

பதில் இல்லை.

மே 18, ஞாயிறு

பதில் இல்லை. அலமாரியைத் துடைத்தேன். துடைத்த அலமாரியையே மறுபடி துடைத்தேன்.

சாயங்காலம் வந்தது: "வர்றேன்."

மே 24, சனி

எல்லாவற்றையும் குழைய வேக வைத்திருந்தேன். ஒரு பல்லும் தேவைப்படாத சாப்பாடு. அவர் புது வரைபடம் ஒன்றைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார், சமையலறைக்கு ஜன்னலே வேண்டாம் என்று சொல்லும் ஒரு வீட்டுக்காரரைப் பற்றி. பாதிச் சாப்பாட்டில் கரண்ட் போய்விட்டது.

ஒன்றும் தெரியவில்லை. "இருக்கீங்களா?" என்று இருட்டிலிருந்து அவர் குரல் கேட்டது. இருக்கிறேன் என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது, அவருக்கு அது போய்ச் சேராது. அவர் என்னோடு பேசலாம், நான் அவரோடு பேச முடியாது. எதிரே ஒரு மனிதர் உட்கார்ந்திருக்கிறார், அவருக்கு நான் இல்லவே இல்லை.

தடவித் தடவி ஃபோனை எடுத்து டார்ச்சைப் போட்டேன். தண்ணீர் ஜாடியில் சாய்த்து, வெளிச்சம் என் முகத்தில் விழுகிற மாதிரி திருப்பி வைத்தேன். கண் கூசியது. கம்பி எப்படி மின்னியிருக்கும் என்று நன்றாகத் தெரியும் எனக்கு. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

"சொல்லுங்க" என்றார்.

சொன்னேன். கடை மூடுகிற நேரம் ஆகிவிட்டது என்று தெருவில் ஷட்டர் இறங்கும் சத்தத்தில் தெரிந்தது. கரண்ட் நடுவிலேயே வந்துவிட்டது. டார்ச்சை அணைக்க இரண்டு பேருமே எழுந்திருக்கவில்லை. அவர் கிளம்பும்போதுதான் பார்த்தேன், ஃபோன் சார்ஜ் தீர்ந்து செத்துக் கிடந்தது.