இருபத்துமூன்றாம் கேள்வி

திங்கள், 7

வெயில் மண்டையைப் பிளக்கிறது. கடலூரிலிருந்து சிதம்பரம் வரை பஸ்ஸில் நின்றுகொண்டே. கோச்சிங் சென்டர் சுவரில் ரிசல்ட். வங்கித் தேர்வுக்கு இலவச பேட்ச், மொத்தம் அஞ்சே இடம். நான் ஆறாவது. ஒரு மார்க்கில் போச்சு. அஞ்சாவது செல்வி, சேத்தியாத்தோப்புப் பொண்ணு, வகுப்பில் என் பக்கத்தில் உட்காருகிறவள். அடுத்த வருடம் எனக்கு வயது தாண்டிவிடும். பணம் கட்டிப் படிக்க வழியில்லை. ஆக, இதுதான் கடைசி.

ரீசனிங்கில் கே. 23க்கு என் விடை தப்பாம். அப்படியே எழுதி வைக்கிறேன்:

பலத்த காற்று அடித்தால் படகுகள் கடலுக்குப் போகாது. இன்று படகுகள் கடலுக்குப் போகவில்லை. முடிவு: இன்று பலத்த காற்று அடித்தது.

சென்டரின் விடைக்குறிப்பில் "அ, முடிவு சரி". நான் போட்டது "ஈ, உறுதியாகச் சொல்ல முடியாது". செல்வியும் ஈ. அவளுக்கும் அந்த மார்க் போச்சு.

எந்த மடையன் போட்ட விடை இது? காற்றடித்தால் போகாது, சரி. போகவில்லை என்றால் காற்றுதானா? மீன்பிடித் தடைக்காலம்? ஊர்க் கூட்டம்? சாவு? பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். நாலாவது ஆளுக்கும் செல்வியின் மார்க்தான், ஆனால் போட்டது அ. விடையைத் திருத்தினால் அந்த ஆளுக்கு ஒன்று குறையும், எங்களுக்கு ஒன்று கூடும். செல்வியும் உள்ளே, நானும் உள்ளே.

சாரிடம் கேட்டேன். பாடமும் அவர்தான், சென்டரும் அவருடையதுதான்.

"கடக்கரப் பொண்ணுன்னு காட்டுறியாம்மா? ஒனக்குத் தெரிஞ்சதயெல்லாம் உள்ள கொண்டாராத. வாக்கியத்துல இருக்கறத மட்டும் பாரு."

"காத்து ஒண்ணுதான் காரணம்னு வாக்கியத்துல எங்க சார் இருக்கு?"

"எதுத்துப் பேசாத. போய் ஒக்காரு."

வகுப்பே சிரித்தது. பஸ் ஸ்டாண்டு வரை பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன்.

வாங்க வேண்டியது: துவரம்பருப்பு, சோப்பு, பாப்பாவுக்கு ஸ்கெட்ச் பேனா. ஒன்றும் வாங்கவில்லை.

புதன், 9

காலை. சுத்தமாகக் காற்றே இல்லை. ஒரு படகும் இறங்கவில்லை. கோயில் தெரு ராசேந்திரன் தாத்தா விடியலில் தவறிவிட்டார். ஊரில் சாவு விழுந்தால் யாரும் தொழிலுக்குப் போவதில்லை. என் வீட்டுக்காரரும் வலையை அப்படியே வைத்துவிட்டு அங்கே போய்விட்டார்.

கரையில் வரிசையாக நிற்கிற படகுகளைப் போட்டோ எடுத்தேன். சென்டர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். "காற்று இல்லை. படகும் போகவில்லை. காரணம் ஒரு சாவு. கே. 23 பார்க்கவும்."

வந்த பதில்கள்: ஆழ்ந்த இரங்கல். ஓம் சாந்தி. ஆழ்ந்த இரங்கல் அக்கா. கும்பிடுகிற கை, வரிசையாக. சார்: "மனதைத் தேற்றிக்கொள்ளவும்."

அட கடவுளே! ஒருத்தருக்குக்கூடவா மூளை இல்லை?

பிறகு என்மேலேயே எரிச்சல். அந்த மனிதரின் மகள் தலைவிரிகோலமாக அழுகிறாள், நான் ஒரு மார்க்குக்காகப் போட்டோ எடுத்துக்கொண்டு நிற்கிறேன். சீ.

வெள்ளி, 11

சார் ரூமுக்குக் கூப்பிட்டார். குரலில் என்ன குழைவு!

"அப்பாவாம்மா? பாவம். கருணை மார்க் ஒண்ணு போட்டுட்டேன். இப்ப நீயும் செல்வியும் சமம். ஒனக்கு வயசு ஜாஸ்தி, அதனால எடம் ஒனக்குத்தான்."

"அப்ப செல்வி?"

"அவளுக்கு வயசு இருக்கும்மா. அடுத்த வருசம் பாத்துக்குவா."

"23ஐத் திருத்துனீங்களா சார்?"

"அதுக்கும் இதுக்கும் என்ன?"

உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. படகு போகாவிட்டால் காற்று. சாவு என்றால் என் அப்பா. இந்த ஆள் ரீசனிங் எடுக்கிறார்!

"எங்க வீட்ல யாரும் சாவல சார். அது ஊர்ச் சாவு. போட்டோ 23க்குத்தான்."

முகம் கறுத்துவிட்டது. "அப்ப மார்க் வேணாமா?"

"கருணை வேணாம் சார். செல்வியும் என்னை மாதிரி யோசிச்சுத்தான் சரியாப் போட்டிருக்கா. விடையத் திருத்துங்க, ரெண்டு பேருக்கும் குடுங்க."

சிவப்புப் பேனாவால் அந்த ஒன்றை அடித்தார். 23ஐத் தொடவில்லை.

சனி, 12

புழுக்கம். வீட்டுக்காரர் காலையிலிருந்து கத்தல். "குடுக்கறத வாங்கிக்கினு வர்றதுக்கு இன்னா? யாராவது எடத்த வேணாம்னு சொல்லுவாங்களா?" நானும் கத்தினேன். பாப்பா காதைப் பொத்திக்கொண்டது.

மதியம் செல்வி போன்.

"அக்கா, எனக்கே எடம் வந்துடுச்சு! எனக்காகச் சண்ட போட்டீங்களாமே?"

"நீயும் சரியாத்தானே போட்டிருந்த."

"அட நீங்க வேற! அந்தக் கேள்விய நான் படிக்கவே இல்லக்கா. டைம் பத்தல. ரீசனிங்ல கடைசிப் பத்துக்கும் ஈ, ஈன்னு ரொப்பிட்டேன்."

சிரிக்கிறாள்.

அவளும் ஈ, நானும் ஈ. அதனால் அவளும் என்னைப் போல யோசித்தாள். யார் சொன்னது எனக்கு? ஒருவரும் சொல்லவில்லை. நானே முடிவு கட்டி, அதை நம்பி சாரிடம் மல்லுக்கு நின்றிருக்கிறேன். படித்த லட்சணம்!

கோபம் யார்மேல் என்று தெரியவில்லை. மீன் அரிகிறபோது விரலை வெட்டிக்கொண்டேன்.

ஆனாலும் 23க்கு விடை ஈதான்.