அப்பாவின் எழுத்து

டோமினிக்,

கவலை மீன் குழம்பு அடுப்பு மேல இருக்குது, சுட வச்சு சாப்பிடு.

ஃபிரிட்ஜ்ல ஒட்டியிருந்த மளிகைச் சீட்டையெல்லாம் என்னை ஒரு வார்த்தை கேக்காம பாண்டிச்சேரி டாக்டர்கிட்ட காட்டியிருக்க. "எழுத்து சுருங்குது, பாதி எழுத்து விட்டுப்போகுது, மறதி நோயான்னு டெஸ்ட் பண்ணிப் பாக்கணும்"னு அவர் சொன்னாராம். உடனே நேத்து அப்பா எதிர்லயே, "அம்மாவுக்கு மூளை மழுங்குதுப்பா"ன்னு சொல்ற! இருபது வருஷம் உப்பளத்துல ஆளுங்க பேரு எழுதினவ நான். இன்னிக்கும் கோயில்ல பைபிள் வாசகம் வாசிக்கிறேன். பெத்தவள நோயாளியாக்க எப்படிடா உனக்கு மனசு வந்துச்சு?

என்கிட்ட கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும். பொங்கலுக்கு என் மணிக்கட்டு பிசகினதுலேர்ந்து, கை சரியான பிறகும், சீட்டு எழுதுறது நான் இல்ல, உங்கப்பா. நேத்து இருந்த ஆத்திரத்துல எனக்கே அது தோணல. காலையில அவரே வந்து, "அது என் எழுத்துடி அற்புதம்"னு சொல்லிட்டு உக்காந்துட்டாரு.

எட்டு மணி பஸ்ஸுல அவரக் கூட்டிக்கிட்டு அந்த டாக்டர்கிட்டதான் போறேன். வந்ததும் அவரைத் துருவித் துருவி எதுவும் கேக்காத. உன்மேல கோவம் இன்னும் போகல.

அம்மா

இன்னொண்ணு: அப்பா இன்னிக்கு உப்பளத்துக்கு வரமாட்டாருன்னு மேஸ்திரிகிட்ட நீயே போய்ச் சொல்லு. ஏன்னு கேட்டா, அம்மாவுக்குத்தான் உடம்பு சரியில்லன்னு சொல்லு.