உங்கள் கோட்டுப் பையில் நான் வைத்த மூன்று மலை

என் அன்பு அத்தானுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதத்தான் கை போகிறது. உங்கள் நலத்தை இனி யாரிடம் விசாரிப்பது? நான் நலமாக இருக்கிறேன் என்று எழுதினால் அதுவும் பாதிப் பொய். சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போய் வருகிறேன். முழங்கால் வலி மட்டும் நீங்கள் விட்டுப்போன இடத்திலேயே இருக்கிறது.

இந்தக் கடிதம் நம் சபையின் மாதப் பத்திரிகையில் வரப்போகிறது. உங்களைப் பற்றி நாலு வரி எழுதித் தரச் சொல்லிப் போதகர் கேட்டார். நாலு வரியில் நான் எதைத்தான் சொல்லி முடித்திருக்கிறேன்? உங்கள் அடக்கத்தன்று உங்கள் கோட்டுப் பையில் நான் வைத்த கர்சீப்பைப் பற்றி எட்டு மாதமாகப் பேச்சு நடக்கிறது. துக்கத்தில் எஸ்தருக்குப் புத்தி கலங்கிவிட்டது என்றுகூட ஒருத்தி சொன்னாளாம். நான் பதில் சொல்ல வேண்டியது அவளுக்கு இல்லை, உங்களுக்கு. மற்றவர்கள் கூட உட்கார்ந்து கேட்கட்டும்.

உங்களை அறியாதவர்களுக்காக முதலில் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். வாரத்தில் ஆறு நாள் சனத்நகர் தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் காக்கிச் சட்டை போட்டு நின்ற மனிதர் நீங்கள். ஏழாம் நாள் நீல சூட். நம் கல்யாணத்துக்குத் தைத்தது, இடுப்பை இரண்டு தடவை பிரித்துவிட்டது. அதன் மார்புப் பையில் கஞ்சி போட்ட வெள்ளைக் கர்சீப். நம் ஜேம்ஸ் அதை இப்போது பாக்கெட் ஸ்கொயர் என்கிறான். பட்டில் வைக்கலாமே என்று நான் ஒரு தடவை சொன்னதற்கு, பட்டு வழுக்கும், பருத்திதான் சொன்ன பேச்சு கேட்கும் என்றீர்கள். நான் பட்டா பருத்தியா என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே கண்ணாடிப் பக்கம் திரும்பிவிட்டீர்கள்.

அந்த ஒரு துண்டுத் துணிக்கு நீங்கள் வைத்திருந்த சட்டதிட்டம் இருக்கிறதே. சாவு வீட்டுக்கும் பெரிய வெள்ளிக்கும் நேர்கோடு, பைக்கு மேலே ஒரு விரல் அகலத்துக்கு வெள்ளை தெரியும், அவ்வளவுதான். சாதாரண ஞாயிற்றுக்கு ஒற்றை முனை. கல்யாணத்துக்கும் பண்டிகைக்கும் மூன்று முனை, அதற்கு வீட்டில் பெயர் மூன்று மலை. பாடகர் குழுவில் உங்கள் பக்கத்தில் நிற்கும் தன்ராஜ் அண்ணன், இன்றைக்கு என்ன ஆராதனை என்று உங்கள் பையைப் பார்த்தே தெரிந்துகொள்வேன் என்பார். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று நான் வாசலில் நின்று கத்தினால், உள்ளேயிருந்து, வேண்டாம் என்பதை இந்த ஊர் உருதுவில் சொல்லிக்கொண்டு சத்தம் வரும்.

"நக்கோ எஸ்தர், நக்கோ. அவசரத்துல மடிச்சா அது மூக்கு தொடைக்கிற துணி."

கர்த்தருடைய வருகைக்கே இந்த மனிதர் கர்சீப்பை மடித்துவிட்டுத்தான் கிளம்புவார் என்று நான் பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

போன வருஷம் பக்கவாதத்தில் உங்கள் வலது பக்கம் விழுந்தது. பேச்சு குழறியது. கால் மெதுவாகத் திரும்பி வந்தது, கை வரவில்லை. சட்டைப் பொத்தானை நான் போட்டுவிட்டேன், சோற்றைப் பிசைந்து கொடுத்தேன், முகத்தை மழித்துவிட்டேன். எல்லாவற்றுக்கும் சும்மா இருந்தீர்கள். கர்சீப்பை எடுத்தால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வீர்கள். மாதக் கணக்கில் கோயிலுக்கும் வரவில்லை.

அறுப்பின் பண்டிகை ஞாயிறு வந்தது. அந்த வாரம்தான் ஜேம்ஸுக்கு குகட்பள்ளியில் பெண் முடிவாகியிருந்தது. தெலுங்குக் குடும்பம், கீர்த்தி என்று பெயர், அவனோடு வேலை செய்கிற பிள்ளை. சந்தோஷத்தில் நீங்களே கோட்டைக் காட்டி, எடு என்றீர்கள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. கோட்டைப் போட்டுவிட்டேன். பண்டிகை அல்லவா, மூன்று மலை மடித்தேன். முப்பது வருஷமாகக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்த மடிப்பு, தெரியாதா என்று நினைத்தேன். நடு மலை சரிந்து இரண்டு பக்கத்து மலையும் அதன் மேல் விழுந்தன.

நீங்கள் குனிந்து பார்த்தீர்கள். இடது கையால் அதை உருவித் தரையில் போட்டீர்கள்.

வாசலில் ஆட்டோ நின்றது. விடியற்காலையிலிருந்து ஓடி ஓடி எனக்கும் உடம்பு ஓய்ந்திருந்தது. இதெல்லாம் சாக்கு. நான் என்ன சொன்னேன் என்று உங்களுக்கு நினைவிருக்கும். எல்லோரும் படிக்கிற இடத்திலேயே எழுதிவிடுகிறேன்.

"உங்க கையால இனி ஆகாது அத்தான். எப்பவும் ஆகாது. அத ஒத்துக்கிட்டு நான் வைக்கிறத வச்சுக்கிட்டு வாங்க."

நீங்கள் ஆட்டோவைப் பார்த்து நடந்தீர்கள். வெறும் பையோடு வந்தீர்கள். கோயில் வாசலிலேயே தன்ராஜ் அண்ணன் பார்த்துவிட்டார். "கைக்கு சார், பை காலியா இருக்கு?" என்று, ஏன் என்பதற்கு இந்த ஊர் உருதுவைப் போட்டுக் கேட்டார். பாவம், அவர் வழக்கம்போலக் கேலியாகத்தான் கேட்டார். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் ஆராதனை முழுவதும் பாட்டுப் புத்தகத்திலிருந்து தலையை எடுக்கவில்லை.

அதன் பிறகு நீங்கள் வெளியே எங்கும் வரவில்லை. ஆனால் ஒரு மாற்றம் இருந்தது. உங்கள் தடித்த பாட்டுப் புத்தகம் அலமாரியிலிருந்து இறங்கி, சன்னல் ஓரத்து மேசைக்கு வந்தது. நான் மதியம் கடைக்கும் மருந்துக்கும் போய்வரும்போதெல்லாம் அது உங்கள் முன்னால் இருக்கும். நான் உள்ளே வந்தால் சட்டென்று அதை இழுத்துக்கொள்வீர்கள். குழறுகிற நாக்கோடு பாடிப் பார்க்கிறார், எனக்கு முன்னால் வெட்கப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். போதகரிடம்கூடப் பெருமையாகச் சொன்னேன், ஐயா, அவர் எந்நேரமும் பாட்டுப் புத்தகமும் கையுமாக இருக்கிறார் என்று. அவர் அதைப் பிரசங்கத்தில் வேறு சேர்த்துவிட்டார்.

நானும் சும்மா இருக்கவில்லை, அது உங்களுக்குத் தெரியாது. அடுக்களையில் கதவைச் சாத்திக்கொண்டு மூன்று மலை மடித்துப் பழகினேன். மாவு சலிக்கிற துணியில் மடித்தேன், தலையணை உறையில் மடித்தேன். கிறிஸ்துமஸுக்குள் நன்றாக வந்துவிடும், அன்றைக்கு அவர் பையில் வைத்து மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று வைத்திருந்தேன். ஏன் அன்றைக்கே கேட்கவில்லை? மன்னிப்புக் கேட்பதற்குப் பண்டிகை எதற்கு?

நீங்கள் கிறிஸ்துமஸ் வரை நிற்கவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை காலை காபி ஆற்றிக்கொண்டு வந்தேன். நாற்காலியில் சாய்ந்திருந்தீர்கள். இரண்டு தடவை அத்தான், அத்தான் என்று கூப்பிட்டேன். மூன்றாவது தடவை கூப்பிட எனக்கு வாய் வரவில்லை.

அடக்கத்தன்று நீல சூட் போட்டார்கள். ஜேம்ஸ் கர்சீப்பை என்னிடம் கொடுத்தான். யோசிக்கவே இல்லை, என் கை இரண்டு மாதமாகப் பழகியதையே செய்தது. மூன்று மலையும் அன்றைக்குத்தான் நிமிர்ந்து நின்றன. பெட்டிக்குப் பக்கத்தில் வந்த தன்ராஜ் அண்ணன் குனிந்து என் காதில் சொன்னார்.

"அம்மா, இன்னைக்கு நேர்கோடுல்ல வைக்கணும்? சார் இருந்தா ஒத்துக்க மாட்டார். எடுத்து மாத்திரட்டுமா?"

"நக்கோ அண்ணே. இருக்கட்டும்."

கல்யாண வீட்டுக்கு அனுப்புகிற மாதிரி அனுப்பிவிட்டாள் என்று பேச்சு தொடங்கியது அங்கேதான். அது தப்பான மடிப்பு என்று எனக்குத் தெரியாதா? தெரியும். உங்கள் நெஞ்சிலிருந்து அந்தத் துணியை உருவுவதை நான் ஏற்கெனவே ஒரு தடவை பார்த்துவிட்டேன். இன்னொரு தடவை பார்க்க என்னால் முடியவில்லை. இவ்வளவுதான் காரணம். ஆனாலும் உங்கள் சட்டத்தை உங்கள் மேலேயே மீறிவிட்டேனே என்று எட்டு மாதம் உறுத்திக்கொண்டே இருந்தது.

இனிமேல் சொல்வது போன வாரத்துச் செய்தி. தள்ளிப்போட்ட ஜேம்ஸ் கல்யாணம் அடுத்த மாதம். அவனுக்கு பூட்ஸ் துடைத்துக் கொடுக்கலாம் என்று, உங்கள் பாலிஷ் பெட்டியை முதல் தடவையாகத் திறந்தேன். பிரஷ்ஷுக்கு அடியில் ஒரு கட்டு செய்தித்தாள் இருந்தது. எல்லாம் கர்சீப் அளவுக்குச் சதுரமாகக் கிழித்தது. ஓரம் கோணல்மாணலாக இருந்தது, ஒரு கையால் கிழித்ததல்லவா. ஒவ்வொன்றிலும் மடிப்பு விழுந்திருந்தது. ஒரு மூலையில் மட்டும் அழுத்தின தடம். கனமான ஏதோ ஒன்றின் விளிம்பு பதிந்த தடம்.

பாட்டுப் புத்தகத்தை எடுத்து வைத்துப் பார்த்தேன். கச்சிதமாகப் பொருந்தியது. நீங்கள் பாடவே இல்லை. உங்கள் வலது கை செய்ய வேண்டிய வேலையைப் புத்தகம் செய்திருக்கிறது. அது ஒரு மூலையைப் பிடித்துக்கொள்ள, இடது கையால் மடித்திருக்கிறீர்கள். அடியில் கிடந்தவை வெறும் கசங்கல். மேலே வர வர ஒரு மலை எழுந்தது, பிறகு இரண்டு. கடைசியாக மடித்ததை மடிப்புக் கலையாமல் தனியாக ஒரு உறையில் போட்டிருந்தீர்கள். மூன்று மலை. இடது கை மடிப்பு என்பதால் மூன்றும் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன. ஆனால் நின்றன அத்தான்.

ஒன்றில்கூட நேர்கோடு இல்லை. ஒற்றை முனை இல்லை. எல்லாமே மூன்று மலை. ஏன் என்று ஜேம்ஸுக்குத்தான் தெரிந்திருந்தது. பெட்டியைப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"அப்பா போன்ல சொன்னாரும்மா. கல்யாணத்துக்கு கர்சீப் வாங்காத, நான் வைக்கிறேன்னு. நான் ஹவ் ஹவ், சரிசரின்னு சொல்லிட்டு வச்சிட்டேன். சும்மா சொல்றார்னு நெனச்சேன்."

அடுக்களையில் கதவைச் சாத்திக்கொண்டு நான், சன்னல் ஓரத்தில் நீங்கள். நடுவில் ஒரு சுவர். இரண்டு பேரும் ஒரே மடிப்பைப் பழகிக்கொண்டிருந்திருக்கிறோம். நான் உள்ளே வந்து அந்த மூலையில் ஒரு விரலை வைத்திருந்தால் போதும். என்னை ஏன் கூப்பிடவில்லை? கூப்பிட்டிருப்பீர்கள். ஆகாது என்று சொன்னவளை எப்படிக் கூப்பிடுவது?

ஜேம்ஸ் கடையில் ஒன்று வாங்கி வைத்திருந்தான். அட்டையில் ஒட்டித் தைத்தது, மடிக்கவே வேண்டாம், அப்படியே செருகிவிடலாம். அதைப் பார்த்திருந்தால் உங்களுக்கு இரண்டாவது பக்கமும் விழுந்திருக்கும். அன்றைக்குக் கீர்த்தியும் வீட்டுக்கு வந்திருந்தாள். அவள்தான் உங்கள் செய்தித்தாளைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அட்டையைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். தமிழ் புரியும், பேசத்தான் வராது. "இதி சாலு அத்தம்மா," என்றாள். இது போதுமாம். உங்களுக்குப் பிடித்திருக்கும் அந்தப் பெண்ணை.

நாலு நாளாக மதியத்தில் உங்கள் மேசையில் உட்காருகிறேன். வலது கையை மடியில் வைத்துக்கொள்கிறேன். பாட்டுப் புத்தகத்தை மூலையில் வைத்து, உங்கள் செய்தித்தாளின் மடிப்பைப் பார்த்துப் பார்த்து, இடது கையால் மடிக்கிறேன். முதல் நாள் ஒன்றுகூட வரவில்லை. எரிச்சலில் ஒன்றை எடுத்துத் தரையில் போட்டேன். போட்ட பிறகுதான், அன்றைக்கு நீங்கள் கோபப்பட்டது என் மேல் இல்லை, உங்கள் கை மேல்தான் என்று புரிந்தது. அழுதேன். நேற்று மூன்று மலையும் எழுந்தன. அரை நிமிஷம் நின்று, பிறகு விழுந்தன.

இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. கல்யாணத்தன்று காலையில் ஜேம்ஸின் பையில், இடது கையால் மடித்த கர்சீப்பைத்தான் வைப்பேன். அது சாயும். உங்களுடையது சாய்ந்த பக்கமே சாயும். நல்லெண்ணத்தில் யாராவது நேராக்க வந்தால் கையைத் தட்டிவிடுவேன், அது தன்ராஜ் அண்ணனாக இருந்தாலும் சரி. அவன் அப்பா மடித்தது என்று சொல்லிவிடுவேன்.

உங்கள் கையால் ஆயிற்று அத்தான்.

என்றும் உங்கள் மனைவி,
ஜேம்ஸின் அம்மா,
எஸ்தர்