பிள்ளையாருக்குப் போன பால்

உப்புவெளி, திருகோணமலை
1942 புரட்டாதி

அன்பும் மரியாதையும் நிறைந்த சோமசேகரம் அண்ணா அவர்களுக்கு, தங்கை புஸ்பராணி எழுதிக்கொள்வது.

நீங்களும் மச்சாளும் பிள்ளைகளும் கொழும்பில் சுகமாயிருக்கக் கடவுளை வேண்டுகிறேன். ஐயா சுகமாக இருக்கிறார் என்று முதல் வரியிலேயே எழுதும்படி ஐயா கட்டிலில் படுத்தபடி சொல்கிறார். அதைக் கடைசியில் எழுதுகிறேன். முதலில் என் வயிற்றெரிச்சலைக் கொட்டித் தீர்க்க வேண்டும். கடிதத்தைப் பிரித்துப் பார்க்கும் பட்டாளத்துத் துரைமாருக்கும் ஒரு வார்த்தை. இதில் கப்பல்களைப் பற்றி ஒன்றும் இல்லை. ஒரு போத்தல் பாலைப் பற்றித்தான் இருக்கிறது.

உங்கள் கடிதத்தில், ஐயா சைவ ஆசாரத்தைத் தவறாமல் கடைப்பிடிக்கிறாரா என்று கேட்டிருக்கிறீர்கள். என்ன சாப்பிடுகிறார் என்று கேட்க உங்களுக்குத் தோன்றவில்லை.

நிலாவெளியில் மீன் பிடிக்கக் கரைவலை வைத்திருந்த மனிதர் நம் தகப்பன். மீன் ஆணம் இல்லாமல் சோற்றில் கை வைத்தவரல்ல. அம்மாவின் முதல் வருஷ ஆட்டைத் திவசத்துக்கு வந்த நீங்கள்தான் எழுபது வயதில் அவருக்கு ஞானம் பேசி, தீட்சை எடுக்க வைத்து, அடுத்த ரயிலில் ஏறிப் போனீர்கள். அதைக்கூட நான் குறை சொல்லவில்லை. அப்போது வீட்டில் மாடு நின்றது. நெய், தயிர், உளுந்து, பருப்பு எல்லாம் இருந்தன. மீன் மச்சத்தை விட்ட பிறகும் ஐயா கிணற்றில் தானே அள்ளிக் குளித்தார், வளவைக் கொத்தினார், என்னோடு சண்டையும் பிடித்தார்.

இங்கே குண்டு விழுந்த அன்று மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. யார் வீட்டுச் சட்டியில் வெந்ததோ தெரியாது. இந்தியாவிலிருந்து பருப்பு வருவது நின்றுபோயிற்று. கூப்பனுக்குப் புழுத்த அரிசியும் பேர் தெரியாத ஒரு மாவும் கிடைக்கின்றன. ஊரில் கறக்கிற பாலெல்லாம் பட்டாளத்துக்குப் போகிறது. என் வீட்டுக்காரர் துறைமுகத்து வேலையால் வரும்போது கொஞ்சம் மீன் கொண்டு வருவார். நானும் பிள்ளைகளும் பின்வளவில் வேறு அடுப்பு மூட்டிச் சமைத்துத் தின்கிறோம். ஐயாவுக்குக் குசினியில் தனிச் சட்டியில் கஞ்சியும் முருங்கையிலையும். உங்கள் சைவம் இங்கே இந்த நிலைமையில் நடக்கிறது.

ஆனி மாதத்திலிருந்து ஆள் கரையத் தொடங்கினார். கதிரையிலிருந்து எழும்புவதற்குப் பிடித்துவிட ஆள் வேண்டும். வலை இழுத்த கையால் வேட்டியை இறுக்கிக் கட்ட முடியவில்லை. வாசல் படலையடிக்குப் போய்வந்தால் மூச்சு வாங்குகிறது. வயது என்று சும்மா இருக்க மனமில்லாமல் ஆஸ்பத்திரி அப்போதிக்கரியைக் கூட்டி வந்தேன். அவர் தன் இரண்டு விரலை நீட்டி, இறுக்கிப் பிடியுங்கள் என்றார். ஐயா பிடித்த பிடியில் அவர் சுலபமாக விரலை உருவிக்கொண்டார். ஐயாவின் முகத்தை நான் பார்க்கவில்லை. பிறகு அப்போதிக்கரி என்னிடம், “மச்சம் தின்னாததிலை பிழையில்லை பிள்ளை, எத்தினை சைவக்காரர் திடமா இருக்கினம். பாலும் இல்லை, பருப்பும் இல்லையெண்டால் அது சைவமில்லை, பட்டினி” என்று சொன்னார். முட்டையாவது கொடுக்கச் சொன்னார். முட்டை என்ற சொல்லைக் கேட்டதும் ஐயா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

பிறகு பாலுக்கு நான் அலைந்த அலைச்சலைக் கடவுள் அறிவார். கிண்ணியாவிலிருந்து தோணியில் வந்து தயிர் விற்கும் உம்மு குல்சுமிடம் கெஞ்சினேன். அந்த மனுசி பட்டாளத்துக்குக் கொடுப்பதில் ஒரு போத்தலை ஒளித்துக் கொண்டுவந்து, வாப்பா குடிக்கட்டும் என்று தந்தாள். தினமும் காய்ச்சி ஐயா பக்கத்தில் வைத்தேன். தினமும் செம்பு வெறுமையாக வந்தது. ஆனால் ஆள் தேறவில்லை. இன்னும் மெலிந்தார். எனக்கு வந்த கோபத்தில், பாலில் தண்ணீர் கலக்கிறாய் என்று அவளைப் படலையில் வைத்து ஏசிவிட்டேன். அடுத்த நாளும் அவள் போத்தலைக் கொண்டுவந்து வைத்துவிட்டுத்தான் போனாள்.

போன வெள்ளிக்கிழமை ஐயா பக்கத்துப் பிள்ளையார் கோயில் படியில் விழுந்துவிட்டார். ஓடிப் போய்ப் பார்த்தால், படியெல்லாம் பால். பக்கத்தில் நம் செம்பு உருண்டு கிடக்கிறது. குருக்கள்தான் விஷயத்தைச் சொன்னார். கொழும்பில் குண்டு விழுந்ததிலிருந்து, உங்களுக்கு ஒன்றும் நேரக்கூடாது என்று ஐயாவுக்கு ஒரு நேர்த்திக்கடன். உங்கள் பேரையும் நட்சத்திரத்தையும் சொல்லித் தினமும் பிள்ளையாருக்கு முழுக்காட்ட வேண்டும். பால் இல்லாத காலத்தில் தண்ணீர் வார்த்திருக்கிறார். நான் பால் தேடிக் கொடுத்ததும் அவருக்கு வசதியாகப் போயிற்று. நான் பின்வளவில் மீன் கழுவும் நேரம் பார்த்து, சுவரைப் பிடித்துப் பிடித்துப் போயிருக்கிறார்.

எலும்பு முறியவில்லை. இடுப்பு வீங்கியிருக்கிறது. எழும்பி நடப்பாரா என்பதை அப்போதிக்கரி சொல்ல மாட்டேன் என்கிறார். உடம்பில் பிடிப்பு இருந்தால்தானே ஆறும் என்கிறார். உம்மு குல்சுமிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் ஐயாவை எட்டிப் பார்த்து அழுதுவிட்டுப் போனாள். இப்போது அந்தப் பாலை யார் கோயிலுக்குக் கொண்டுபோவது என்று ஐயா என்னோடு வழக்காடுகிறார். வாயருகில் கொண்டுபோனால் பல்லை இறுக்கிக்கொள்கிறார். விரலை இறுக்க இல்லாத பலம் பல்லுக்கு மட்டும் எங்கிருந்து வருகிறதோ. நேற்று ஆற்றாமல் கத்திவிட்டேன். அவர் மெதுவாக, “நான் குடிச்சால் குண்டு அவன்ரை தலையிலை விழுந்திடும் பிள்ளை. அவனைக் கண்ணாலை கண்டால் நேர்த்தி முடிஞ்சுது, பிறகு குடிக்கிறன்” என்றார்.

செம்பை மூடி வைத்துவிட்டு இந்தக் கடிதத்தை எழுதத் தொடங்கினேன்.

இங்கே வரப் பயம் என்று மச்சாள் எழுதியிருந்தார். பயம் நியாயந்தான். எங்களுக்கும் பயந்தான். அபாயச் சங்கு ஊதினால் பிள்ளைகளோடு பதுங்குகுழிக்குள் ஓடுகிறோம். ஐயாவைத் தூக்க முடியாமல் கட்டிலிலேயே விட்டுவிட்டு ஓடுகிறோம். உங்கள் அலுவலகத்தில் லீவு தரமாட்டார்கள் என்று தயவுசெய்து எழுத வேண்டாம். தேவாரப் புத்தகமும் வேண்டாம், விபூதியும் வேண்டாம். பருப்புக் கிடைத்தால் கொண்டு வாருங்கள், கிடைக்காவிட்டால் வெறுங்கையோடு வாருங்கள். வந்து கட்டிலில் உட்கார்ந்து, உங்கள் கையால் ஒரு தம்ளர் பாலைப் பருக்கிவிட்டு, வேண்டுமானால் அடுத்த ரயிலிலேயே போங்கள். நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

இவ்வளவு பாலையும் வாங்கிக்கொண்ட பிள்ளையார் உங்களைப் பத்திரமாக ரயிலேற்றி இங்கே கொண்டுவந்து சேர்க்கட்டும். சுணங்க வேண்டாம் அண்ணா.

எழுதிவிட்டாயா என்று ஐயா கேட்கிறார். எழுதிவிடுகிறேன்.

ஐயா சுகமாக இருக்கிறார்.

உங்கள் வரவைப் பார்த்திருக்கும் தங்கை,
புஸ்பராணி