கூப்ப முடியாத கை

ஆடி 9, செவ்வாய்க்கிழமை. ஸ்ரீரங்கம்.

ரங்கநாதா, உன்னிடம் சொல்ல வாய் வரவில்லை, எழுதுகிறேன். தங்கை மகன் சம்பத், வேலை பார்த்த பாத்திரக்கடையில் திருடிவிட்டான் என்று நேற்றுக் காலையில் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. இன்று திருச்சி கோர்ட்டில் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தினார்கள்.

உள்ளே போகுமுன் அவன் காதில் ஓதியது நான்தான். "அடிச்சாங்களான்னு ஐயா கேப்பாராம். இல்லைங்கன்னு சொல்லிடு. மறுபடி அவங்க கையிலதானப்பா போகணும், வம்பு எதுக்கு? ஐயாவை நல்லா கும்பிட்டுக்க."

"சரி பெரியம்மா."

மாஜிஸ்திரேட் கேட்டார். "இல்லைங்க" என்றான். பிறகு கும்பிடப் போனான். வலது கை இடுப்புக்கு மேல் எழும்பவே இல்லை. இடது கை மட்டும் நெஞ்சருகே தனியாக நின்றது.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். போலீஸ்காரர்களை வெளியே அனுப்பினார். "இப்ப சொல்லுப்பா. சொல்ல உனக்கு உரிமை இருக்கு. யாரும் ஒண்ணும் பண்ண முடியாது. கையில என்ன?"

அவன் கோர்ட்டுக்குள் ஓரமாக நின்ற என்னைத்தான் பார்த்தான். சொல்லு என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

ஸ்டேஷனில் அடித்ததைச் சொன்னான். டாக்டரிடம் காட்டச் சொல்லியும், ஸ்டேஷனுக்குத் திருப்பி அனுப்பாமல் ஜெயிலில் வைக்கச் சொல்லியும் மாஜிஸ்திரேட் உத்தரவு போட்டார். "ஜெயிலா அக்கா?" என்று தங்கை அழுகிறாள். அங்கே அடி விழாது என்று எங்கள் வக்கீல் சொன்னதை எத்தனை தடவை சொல்லியும் அவள் அழுகை ஓயவில்லை.

அந்தக் கை மட்டும் எழும்பியிருந்தால், அவனை நானே ஸ்டேஷனுக்குத் திருப்பி அனுப்பியிருப்பேன். விளக்கேற்றியும் இன்று எனக்குக் கை கூப்பத் தோன்றவில்லை.