இலவச அத்தியாயம்

மஸ்ஜித் தானா,
11 மார்ச் 2024

மின்னூல் வணிகர் திரு. புவனேந்திரன் அவர்களுக்கு,

வணக்கம். நலமா என்று கேட்கப் போவதில்லை. போன மாதம் மட்டும் மூன்று மேடைகளில் பொன்னாடையோடு உங்கள் படத்தைப் பத்திரிகையில் பார்த்தேன். நானும் நலம். என் மனைவி தேவமலர் உங்களை விசாரித்ததாக எழுதச் சொன்னாள்.

உங்கள் கடிதம் கிடைத்தது. அதற்கு முன் புலனத்தில் பல முறை செய்தி அனுப்பிப் பார்த்தீர்களாம். என் கைப்பேசியைப் பேசுவதற்கு மட்டும் வைத்திருக்கிறேன். என்னோடு தொழில் பேச விரும்புகிறவர்கள் தாளில் எழுதி அஞ்சல் தலை ஒட்டட்டும். நீங்கள் ஒட்டினீர்கள், அதற்காகவே பதில்.

தொழிற்சாலையில் சூப்பர்வைசராகக் காலம் தள்ளிய நீங்கள் இப்போது புக்கிட் ரம்பாய் வீட்டின் முன்னறையில் உட்கார்ந்து எழுத்தாளர்களுக்கும் பதிப்பாளர்களுக்கும் மின்னூல் விற்றுக் கொடுக்கிறீர்கள். என் ஒரே நாவலான ‘ஒலிபெருக்கித் தோட்ட’த்தையும் உங்கள் கடையில் வைக்கக் கேட்கிறீர்கள்.

இந்த நாட்டில் தமிழ்ப் புத்தகம் விற்கிற விதம் உங்களுக்குத் தெரியாததா? மண்டபம் பிடிப்பீர்கள். டத்தோ பட்டம் வாங்கிய ஒரு பிரமுகர் முதல் நூலைப் பெறுவார். பின்னால் பண உறையோடு வரிசை நிற்கும். உறை போகும், நூல் வரும், படம் எடுப்பார்கள், மீகூன் சாப்பிடுவார்கள். பிறகு அந்த நூல் காரின் பின்னிருக்கையில் வெயில் காய்ந்து அட்டை சுருண்டு போகும். எழுத்தாளனுக்கு அச்சுச் செலவு கிடைத்துவிடும். வாசகன் மட்டும் கிடைக்கமாட்டான்.

சரி, மின்னூல் வந்தால் இந்தக் கூத்தாவது ஒழியும் என்று நினைத்தேன். உங்கள் மின்னூல் வெளியீட்டு விழாவுக்குப் போய்விட்டு, என் பழைய பள்ளி ஜெயா டீச்சர் நேரே இங்கே வந்தார். வெள்ளித் தட்டில் ஒரு கைக்கணினி, அதற்கு ரோஜா மாலை, டத்தோ அதைத் தொட்டுக் கும்பிட்டாராம். “உறையைக் கொடுத்துட்டு, புத்தகம் எங்கன்னு கேட்டேன் சார். ‘மேல இருக்கு டீச்சர், பெறகு போன்ல எறங்கும்’னாரு புவனேந்திரன். கையில என்னமோ கொடுத்தாங்க. வீட்டுல வந்து பிரிச்சா, அட்டைப் படத்தைக் கண்ணாடி போட்டு வெச்சிருக்காங்க.” உள்ளே ஒன்றுமில்லாத அட்டை. உங்கள் இலக்கியப் பணிக்கு அதைவிடப் பொருத்தமான நினைவுப் பரிசு இல்லை.

ஒரே தோட்டத்தில் பிறந்து ஒரே பஸ்ஸில் பள்ளிக்குப் போனவர்கள் நாம். என் நாவல் வெளியீட்டில் நூலை அறிமுகம் செய்து பேசியவரும் நீங்கள்தான். 2004, அலோர் காஜா. நாற்பது நிமிடம் பேசினீர்கள். அட்டைப்படம் அருமை என்றீர்கள், தாள் வழவழப்பு என்றீர்கள், தையல் உறுதி என்றீர்கள். உள்ளே இருக்கும் ஒரு மனிதனின் பெயரைக்கூடச் சொல்லவில்லை. சிறுகதைப் போட்டியில் எனக்கு ஆறுதல் பரிசு கொடுத்த நடுவர் குழுவில் நீங்கள் இருந்ததைக்கூட மன்னித்துவிட்டேன். இல்லை, அதையும் மன்னிக்கவில்லை.

ஆகவே ஒரு நிபந்தனை. நாவலின் உள்ளே இருக்கும் ஏதாவது ஒன்றைப் பற்றி, எது வேண்டுமானாலும் சரி, நாலு வரி எழுதுங்கள். வாசித்தீர்கள் என்று தெரிந்தால் கையெழுத்துப் போடுகிறேன்.

இப்படிக்கு,
மு. காளிதாஸ்
(ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியர்)


புக்கிட் ரம்பாய்,
2 ஏப்ரல் 2024

அன்புள்ள காளி,

‘அவர்களுக்கு’ என்று எழுதியிருந்தாய். சட்டையைக் கழற்றிவிட்டு ஆற்றில் ஒன்றாகக் குதித்தவனுக்கு இவ்வளவு மரியாதை எதற்குலா?

விழாவைப் பற்றி நீ எழுதியது சரிதான். எனக்கும் பிடிக்கவில்லை. எழுத்தாளர்கள் விடமாட்டேன் என்கிறார்கள். விழா வைக்காவிட்டால் புத்தகம் வந்த மாதிரியே இல்லையாம். உறையோடு வந்தவர்களை வெறும் கையோடு அனுப்ப முடியுமா? அதனால்தான் அட்டையைச் சட்டம் போட்டுக் கொடுத்தேன். ஜெயா டீச்சர் அதைச் சமையலறையில் மாட்டியிருப்பதாகக் கேள்வி.

ஆனால் விழாவுக்குப் பிறகு நடப்பதை நீ பார்ப்பதில்லை. ஜோகூரில் ஒரு மருத்துவமனைத் தாதி, வேலைக்குப் போகும் பஸ்ஸில் வாசிக்கிறார். கோலா சுங்கை பாருவில் மீன் லோரி ஓட்டும் ஒருவர், எழுத்தைப் பெரிதாக்க முடிகிறது என்பதற்காகவே என்னிடம் வாங்குகிறார். இவர்கள் மண்டபத்துக்கு வரமாட்டார்கள். இவர்களை யாரும் அழைப்பதும் இல்லை. உன் நாவல் இவர்கள் கைக்குப் போக வேண்டும் என்பது என் ஆசை.

உன் நிபந்தனை முடியாது. நாவலின் உள்ளே இருப்பதைப் பற்றி நான் எழுதமாட்டேன். காரணம் கேட்காதே. என்னை மோசமாக நினைத்துக்கொள், அது உனக்குப் பழக்கம்தானே.

நீ அச்சகத்தில் கொடுத்த அந்தக் காலத்து எழுத்துரு இப்போது எந்தக் கணினியிலும் திறப்பதில்லை. பாதி கட்டம் கட்டமாக வருகிறது. ஒரு நூல் அனுப்பு. என் தங்கை மகள் தாரணி முழுவதையும் தட்டச்சு செய்வாள்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். எங்கள் கடையில் ஒவ்வொரு நூலிலும் ஒரு அத்தியாயத்தை இலவசமாக வைப்போம். வாசித்துப் பிடித்தவர்கள் மீதியை வாங்குவார்கள். மற்றவர்கள் முதல் அத்தியாயத்தை வைக்கச் சொல்வார்கள். உன் நூலில் எதை வைப்பது என்பதை என்னிடம் விட்டுவிடு.

தேவமலருக்கு என் அன்பு.

என்றும் உன்,
புவன்


மஸ்ஜித் தானா,
19 ஏப்ரல் 2024

புவனேந்திரன்,

வாசிக்கவில்லை என்பதை இவ்வளவு கண்ணியமாக ஒருவன் சொல்லி நான் கேட்டதில்லை. சொற்பொழிவாளன் சொற்பொழிவாளன்தான்.

கொடுப்பதில்லை என்றுதான் இருந்தேன். இதோடு வரும் நூலுக்குக் காரணம் தேவமலர். படிக்கட்டின் அடியில் இருந்த பெட்டிகளை இழுத்துப் போட்டாள். பாதி நூல்களில் மேல் அட்டை அப்படியே இருந்தது. உள்ளே மண். “கரையானுக்கு இத்தனை வருஷமா ஓசியா கொடுத்துக்கிட்டுதான இருக்கீங்க. அவருக்குக் கொடுத்தா மட்டும் கௌரவம் கொறைஞ்சிருமா?” என்றாள். இருந்தாலும் கரையான் உன்னைவிட மேல். அட்டையை விட்டுவிட்டு உள்ளே போயிருக்கிறது.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இலவசமாக எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள். வாசிக்காதவன் தேர்ந்தெடுப்பது சீட்டுக் குலுக்கிப் போடுவதுதான். தாரணியிடம் ஒற்றுப்பிழை இல்லாமல் செய்யச் சொல். அந்தப் பிள்ளையாவது வாசிக்கட்டும்.

மு. காளிதாஸ்


மஸ்ஜித் தானா,
6 ஆகஸ்ட் 2024

புவனேந்திரன்,

இந்தக் கடிதத்தை உட்கார்ந்து வாசி.

போன வாரம் காய் வாங்கப் போன பாசாரில் ஜெயா டீச்சர் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னைத் துரத்தி வந்தார். “சார், உங்க நாவல்ல பதினொன்னாவது அத்தியாயம் ஓசியா வந்திருக்கு. பள்ளிக்கூடத்துல எல்லாரும் படிச்சாச்சு. மைக் மாணிக்கம்னு ஒரு ஆள் வர்றாரே, அது நம்ம புவனேந்திரன்தானே? அப்படியே அச்சுலா.”

நீ வாசித்ததில்லை, ஆகவே நானே சொல்லிவிடுகிறேன். மைக் மாணிக்கம், பச்சைச் சேலை போர்த்திக் கிடத்திய தன் தாயின் தலைமாட்டில் நின்று மைக்கைப் பிடிக்கிறான். வந்திருக்கும் பிரமுகர்களைப் பதவி வரிசைப்படி வரவேற்கிறான். நாற்காலி கொடுத்தவருக்கும் பந்தல் போட்டவருக்கும் நன்றி சொல்கிறான். பெற்றவளின் பெயரை மட்டும் சொல்ல மறந்துவிடுகிறான். அது உன் அம்மா குஞ்சம்மாவின் சாவு. நான் கற்பனை செய்யவில்லை. அன்று நான் அங்கே இருந்தேன், கண்ணால் பார்த்ததை எழுதினேன். ஆறுதல் பரிசுக்குப் பிறகு நாம் பேசாமல் இருந்த சமயம் அது. இருந்தும் வந்தேன்.

நூல் வந்த பிறகு நீ வீட்டுக்கு வந்து என் சட்டையைப் பிடிப்பாய் என்று காத்திருந்தேன். வருடங்கள் போயின. நீ ஒவ்வொரு தீபாவளிக்கும் வாழ்த்து அட்டை அனுப்பினாய். ஒருவன் தன்னைப் பற்றி எழுதியதையே வாசிக்காமல் இலக்கிய வட்டத்தில் செயலாளராக இருக்க முடியும் என்பதை உன்னிடம்தான் கற்றேன். இப்போது அதைவிட அழகு. சீட்டுக் குலுக்கிப் பதினொன்றை எடுத்து, உன்னை நீயே ஊர் ஊராக இலவசமாக விநியோகம் செய்கிறாய். இப்படி ஒரு முடிவை எழுத எனக்குத் திறமை இருந்திருந்தால் முதல் பரிசே வாங்கியிருப்பேன்.

நான் பாட்டுக்குப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பேன். தேவமலர்தான் விடவில்லை. “அந்த மனுஷன்கிட்ட சொல்லுங்க. நாலு பேர் சிரிக்கிறதுக்கு முன்னாடி எடுத்துறட்டும்” என்று இரண்டு நாளாக என்னோடு சரியாகப் பேசவில்லை. சொல்லிவிட்டேன். எடுப்பதும் விடுவதும் உன் இஷ்டம்.

மு. காளிதாஸ்


புக்கிட் ரம்பாய்,
17 ஆகஸ்ட் 2024

அன்புள்ள காளி,

தேவமலரிடம் என் நன்றியைச் சொல்.

அந்த அத்தியாயம் தானாக விழவில்லை. நான்தான் வைத்தேன்.

2004இல் வெளியீட்டுக்கு முன்னால், என் பேச்சுக்காக அச்சகத்திலிருந்து மெய்ப்புத் தாள்களை அனுப்பச் சொன்னது நீதான். மறந்திருப்பாய். ஒரே மூச்சில் வாசித்தேன். பதினொன்றில் என்னைப் பார்த்தேன். அன்றே உன் வீட்டுக்குக் கிளம்பி, மோட்டார் சைக்கிளை வெளியே எடுத்துவிட்டுத் திரும்ப உள்ளே வைத்தேன். அழைப்பிதழ் போய்விட்டது. நான் விலகினால் விழா நிற்கும், உன் நாவல் அச்சகத்திலேயே கிடக்கும். மேடையில் கதைக்குள் நுழைந்தால் பதினொன்றில்தான் போய் நிற்பேன் என்று எனக்குத் தெரியும். அதனால் அட்டையிலேயே நின்றுகொண்டேன். நாற்பது நிமிடம் ஒரு அட்டையைப் பற்றிப் பேசிப் பார்.

அம்மாவின் சாவில் அந்த மைக் கையில் இல்லாவிட்டால் நான் விழுந்திருப்பேன். நாற்காலிக்காரருக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்த வரை காலில் நின்றேன். அம்மாவின் பெயர் மறக்கவில்லை. வாயில் வரவில்லை. நீ மறதி என்று எழுதிவிட்டாய். வெளியே இருந்து பார்த்தால் அப்படித்தான் தெரிந்திருக்கும்.

பிறகு ஏன் அதை வைத்தேன் என்று கேட்பாய். நீ நிபந்தனை போட்டாயே, உள்ளே இருப்பதைப் பற்றி நாலு வரி. இப்போது எழுதுகிறேன். மற்ற அத்தியாயங்களில் எல்லாரும் ஒரே குரலில் பேசுகிறார்கள். கணக்கு எழுதும் கிராணியும், வேலை வாங்கும் தண்டலும், பால் மரம் வெட்டுபவரும், எல்லாரும் காளிதாஸ் சார் வகுப்பு எடுப்பது போலவே பேசுகிறார்கள். கோபம் அதிகம். பதினொன்றில் மட்டும் நீ பேசவில்லை. பார்த்திருக்கிறாய். அதை வாசித்தவர்கள்தான் மீதியை வாங்குகிறார்கள். கடை வைத்திருக்கிறவன் நல்லதை முன்னால் வைக்காமல் வேறு என்ன செய்வான்?

தாரணிக்கு அந்தப் பக்கங்களை நான் கொடுக்கவில்லை. இரண்டு விரலால் நானே தட்டினேன்.

ஒரு தவறு இருக்கிறது. அம்மாவுக்குப் பச்சைச் சேலை போர்த்தியிருந்ததாக எழுதியிருக்கிறாய். அது கடுகு மஞ்சள். பந்தலுக்குப் பச்சைத் தார்ப்பாய் கட்டியிருந்தோம். வெளிக்கேட்டில் நின்றவர்களுக்கு உள்ளே எல்லாமே பச்சையாகத்தான் தெரியும். பந்தலுக்குள் வந்து வாய்க்கரிசி போட்டவர்களுக்கு நிறம் தெரியும்.

அச்சில் வந்த தவறு வந்ததுதான். மின்னூலில் ஒரு நிமிட வேலை. ஆனால் எழுதியவர் சொல்லாமல் நான் ஒரு எழுத்தையும் தொடுவதில்லை. திருத்தவா?

என்றும் உன்,
புவன்


மஸ்ஜித் தானா,
8 அக்டோபர் 2024

புவன்,

உனக்கு எழுதிய பதில்களை எல்லாம் கிழித்துப் போட்டேன். ஒவ்வொன்றிலும் நன்றாகவே திட்டியிருந்தேன். தேவமலர் குப்பைக்கூடையிலிருந்து எடுத்து ஒட்டிப் பார்த்துவிட்டு, “இதுலயும் வகுப்புதான் எடுத்திருக்கீங்க” என்றாள். உன் கடிதத்தை அவளும் வாசித்துவிட்டாள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

மின்னூலைப் பற்றி என் கருத்து மாறவில்லை. ரோஜா மாலை போட்ட கைக்கணினியைப் பற்றியும் மாறவில்லை. மற்ற அத்தியாயங்களைப் பற்றி நீ எழுதியதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஐந்தாவது நல்ல அத்தியாயம். தண்டல் அதில் தண்டலைப் போலத்தான் பேசுகிறான். இதைக் கடிதத்தில் தீர்க்க முடியாது, நேரில் சண்டை போட வேண்டும்.

பதினொன்று அங்கேயே இருக்கட்டும்.

சேலையைத் திருத்தாதே. பச்சையாகவே விட்டுவிடு. எழுதியவன் எங்கே நின்று பார்த்தான் என்பது அந்த ஒரு சொல்லில்தான் இருக்கிறது.

உறையில் உன் முகவரியை எழுதி எழுதி மனப்பாடம் ஆகிவிட்டது. வழிதான் தெரியாது. தொழிற்சாலைகளுக்கு முன்னாலேயே திரும்ப வேண்டுமா, அவற்றைத் தாண்டி அடுத்த தமான் குடியிருப்பா? எழுதி அனுப்பு. அஞ்சல் தாமதம் ஆகும் என்றால், தேவமலரின் புலனத்தில் போடு.

காளி